லசாரின் முகத்தின் மேல் ஒட்டிய முகம்

கோர்னா ரேச்சா
செப்டம்பர் 6

ரயினா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யார் செத்தார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. உன் மகளைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் புருஷன் லசாரை அடக்கம் செய்ததிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இனியும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நேற்று ஊறுகாய்க்கு வினிகர் வாங்க ஸ்டோய்னாவின் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஜனாதிபதிக்கு நிற்கிற அந்த உயரமான பழைய நீதிபதிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் மிக்லேனா. கழுத்தில் அம்மாவின் வெள்ளிச் சங்கிலி. அது உன்னிடம் எப்படி வந்தது என்பதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

"என்னை வளர்த்தவள் என் பெரியம்மா பெனா. கோர்னா ரேச்சாவின் பருப்புக் குழம்பில் வளர்ந்தவள் நான்" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கையில் வினிகர் பாட்டிலோடு திருடியைப் போல நின்றேன்.

"பருப்பு ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரி ஞாபகம் இல்லையாக்கும்" என்றாள் ஸ்டோய்னா.

"அது சரி, துணை ஜனாதிபதிக்கு என்னதான் வேலை? பெரியவர் எப்ப சாவாருன்னு காத்துக்கிட்டு இருக்கறதா?" என்று ஒருவன் கேட்டான்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய நைதன் அங்கே பீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் இந்த மாதிரி விஷயங்கள் தெரியும். "ஜெயில்ல இருக்கறவனுக்கு மன்னிப்புக் குடுக்கற வேலை. ஜனாதிபதி அதைத் துணைகிட்ட தள்ளிவிட்டுருவாரு" என்றான்.

"அப்ப முதல் மன்னிப்ப அவளே அவளுக்கு எழுதிக்கட்டும்!" என்றாள் ஸ்டோய்னா.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து குடைமிளகாய் சுட உட்கார்ந்தேன், ஒன்றையும் ஒழுங்காகத் தோலுரிக்க முடியவில்லை.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. எங்கள் ஆஸ்பத்திரியை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட குழுவில் உன் மகள் இருந்தாள். அந்தக் குளிர்காலத்திலேயே லசாருக்கு நெஞ்சு அடைத்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து வண்டி மலையைச் சுற்றி வந்து, மறுபடி மலையைச் சுற்றிப் போனது. கல்குவாரி வளைவில் நைதன் சைரனை நிறுத்தினான். நிறுத்தியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவன்.

என் பெயரை இனித் தொலைக்காட்சியில் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல். என் பருப்பையும்தான்.

பெனா


சோஃபியா
செப்டம்பர் 12

அக்கா,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறாய், அதுவும் திட்டுவதற்கு. சந்தோஷம். கையாவது நடுங்காமல் இருக்கிறதே.

மிக்லேனா கையெழுத்துப் போடவில்லை. அந்தக் குழுவில் இருந்தாள், அவ்வளவுதான். முடிவு செய்தவர்கள் வேறு. இதை அடக்கத்தன்றே உன்னிடம் சொன்னேன். நீ காதைப் பொத்திக்கொண்டாய், அப்புறம் தொலைபேசி இணைப்பையும் துண்டித்துவிட்டாய்.

மறக்காதது உனக்கு மட்டுமா? அத்தான் இறந்ததும் ஊரெல்லாம் அஞ்சலித் தாள் ஒட்டினாயே, கதவில், பேருந்து நிறுத்தத்தில், சர்ச் பலகையில். துயரத்தில் இருப்பவர்கள் என்று மனைவி, மகன்கள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு நாய் வளர்ப்பவன் வரை போட்டாய். என் பெயர் இல்லை. மிக்லேனா பெயர் இல்லை. அவள் அந்தப் பலகையின் முன் எவ்வளவு நேரம் நின்றாள் என்று உனக்குத் தெரியாது. "என்னைய விட்டுட்டாங்கம்மா" என்றாள். முப்பத்தொன்பது வயதில், சின்னப்பிள்ளை மாதிரி.

நானும் அவள் அப்பாவும் லிபியாவில் வேலைக்குப் போனபோது அவளை உன்னிடம் விட்டோம். உண்மை, நன்றி. ஆனால் திரும்பி வந்த அன்று ரயில் நிலையத்தில் அவள் உன் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "இந்தப் பொம்பள யாரு?" என்று கேட்டாள். நீ அவளை முன்னால் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் அவர்கள் கோர்னா ரேச்சா சதுக்கத்தில் கூட்டம் போடுகிறார்கள். பிறந்து வளர்ந்த ஊர், அவளை வளர்த்தவள் ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்க வேண்டும் என்று அவளை முன்மொழிந்த குழு விரும்புகிறது. கேமராக்கள் வரும். நீ ஒரு ரொட்டி சுட்டுக்கொண்டு நின்றால் போதும், பேச வேண்டாம். இங்கே தலைநகரில் அவளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். மந்திரியின் பொம்மையாம், நீதிபதிக்குப் பக்கத்தில் வைத்த பூச்சாடியாம். சொந்த ஊரிலும் முகம் திருப்பினால் குழு அவளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடும்.

எனக்காக இல்லை. அவளுக்காக.

ரயினா


கோர்னா ரேச்சா
செப்டம்பர் 18

ரயினா,

ரொட்டி இல்லை.

மேயர் குன்ச்சோவும் வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "பெனா அக்கா, நம்ம ஊருக்கு ஒரு பெருமைதானே? ஒரு ரொட்டி, அதுல ஒரு பின்னல், நடுவுல ஒரு குழி, குழியில உப்பு. நீங்க கண்ண மூடிக்கிட்டே சுடுவீங்க" என்றான்.

"கண்ண மூடிக்கிட்டுத்தான் நீ ஆஸ்பத்திரிச் சாவிய அவங்ககிட்ட குடுத்தே" என்றேன்.

"நான் என்ன பண்ணட்டும்? மேல இருந்து வந்துச்சு."

"அப்ப ரொட்டியும் மேல இருந்தே வரட்டும்."

போய்விட்டான். படலைச் சாத்தவில்லை, கோழி வெளியே போய்விட்டது.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையா? சொல்கிறேன். தபால்காரி அவளுக்கு ஓட்டுப் போட மாட்டாளாம், ஏனென்றால் அவள் பொம்பளை. மதுக்கடை மித்யோ போட மாட்டானாம், ஏனென்றால் அந்த நீதிபதி ஒருமுறை இவன் மச்சானை உள்ளே போட்டான். பாதிரியார் போடுவாராம், ஆனால் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். நைதன் எதுவும் சொல்வதில்லை. அவள் முகம் தெரிந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவளை நான் ஏன் முன்னால் தள்ளவில்லை என்கிறாய். என் பாவாடையை அவள் எப்படிப் பிடித்திருந்தாள் தெரியுமா? தையல் பிரிந்தது. அதைத் திரும்பத் தைக்கவே இல்லை நான். அப்படியே பெட்டியில் இருக்கிறது. வந்து பார்.

பெனா


சோஃபியா
அக்டோபர் 2

பெனா,

அக்கா என்று எழுத மாட்டேன்.

நீ இவ்வளவு தூரம் போவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன் வாசல் கதவின் படம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. நேற்று இரவு நான்கு அலைவரிசைகளில் வந்தது. மிக்லேனாவின் சிரித்த முகம், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை, மேலே சிலுவை, கீழே "அவர் பிரிவால் வாடும் மனைவி, மக்கள்". உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு அஞ்சலித் தாள் ஒட்டியிருக்கிறாய், பருப்புக் குழம்பு ஊற்றி வளர்த்த கையால்.

எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டே "பெரியம்மாவே புதைச்சுட்டாங்க, இனி நாங்க என்ன பண்ணறது?" என்கிறான். எங்கள் கட்டடத்துப் பெண்கள் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிலுவை போடுகிறார்கள்.

மிக்லேனா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

உன் கோபம் இன்னும் தீர்ந்து முடியவில்லையா?

ரயினா


கோர்னா ரேச்சா
அக்டோபர் 5

ரயினா,

நான் ஒட்டவில்லை.

இதை ஒரு தடவைதான் சொல்வேன். லசாருக்கு வருஷ நினைவு வந்தால் புதுத் தாள் ஒட்டுவேன், தெரியும் உனக்கு. இந்தப் பிப்ரவரியில் ஒட்டியது கதவில் இருந்தது. வெயிலில் வெளுத்திருந்தாலும் முகம் தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை நான் கல்லறைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் உன் மகளுக்குப் பிரச்சாரம் செய்கிற பிள்ளைகள் ஒரு வெள்ளை வேனில் வந்தார்கள், பசைவாளியோடு. எல்லாம் சோஃபியாப் பிள்ளைகள், அவர்களுக்கு இங்கே செத்தவர்கள் யாரும் இல்லை. காகிதம் இருக்கிற இடமெல்லாம் சுவரொட்டி ஒட்டும் இடம் என்று நினைத்திருக்கிறார்கள். சர்ச் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஊரில் இருக்கிற செத்தவர்கள் எல்லாரும் இப்போது உன் மகள்தான்.

என் கதவில் லசாரின் முகத்தின் மேல் ஒட்டினார்கள். அவர்கள் தாள் சின்னது, என் தாள் பெரியது. அதனால் என் கறுப்புக் கரை சுற்றிலும் தெரிந்தது, என் சிலுவையும் என் வரியும் தெரிந்தன. நடுவில் அவள் சிரித்தாள்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது கிழவிகள் கதவின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி "ஆண்டவன் அவள மன்னிக்கட்டும், சின்ன வயசு" என்றாள். "நேத்திக்குத்தான் டிவியில பாத்தேன், நல்லாத்தான் இருந்தா" என்றாள் இன்னொருத்தி. ஸ்டோய்னா அழுதேவிட்டாள்! அவளைத் திட்டின அதே வாயால் "தங்கமான பொண்ணு" என்றாள். அவள் சாகவில்லை என்று நான் சொன்ன பிறகு, அழுததற்காகவே என்மேல் கோபித்துக்கொண்டு போனாள். அதற்குள் எவனோ படம் எடுத்துவிட்டான்.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். நான் விளக்கம் சொல்ல வேண்டியவள் இல்லை. என் புருஷனின் முகத்தை மூடினது யார் என்று அவர்கள் கேட்கவில்லை, உன் மகளின் முகத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

நீயும் அதைத்தான் கேட்டாய்.

பெனா


சோஃபியா
அக்டோபர் 9

அக்கா,

அப்படியென்றால் அதைச் சொல். கேமராவில் சொல். ஒரு வாக்கியம் போதும். குழு இன்று கூடுகிறது. நீதிபதி அவளை மாற்றச் சொல்கிறார். "சொந்த வீட்டிலேயே செத்தவளை வைத்துக்கொண்டு நான் எப்படி ஜெயிப்பது?" என்று கேட்டாராம். உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை நான். இப்போது கெஞ்சுகிறேன்.

இன்னொன்று. காலையிலிருந்து மிக்லேனாவைக் காணவில்லை. டிரைவர் கீழே நிற்கிறான், அவள் இல்லை. என்னுடைய பழைய பழுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே வந்தாளா?

ரயினா


கோர்னா ரேச்சா
அக்டோபர் 12

ரயினா,

வந்தாள்.

மதியப் பேருந்தில் வந்தாள், தலையில் துணி கட்டிக்கொண்டு. நான் முற்றத்தில் கடைசி மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரவில்லை. படலுக்கு வெளியே நின்றாள்.

"பெரியம்மா, கொஞ்சம் வெந்நீர் குடு."

"எதுக்கு?"

"என் மூஞ்சியக் கிழிக்கணும்."

பாத்திரத்தில் கொடுத்தேன். கத்தியும் கொடுத்தேன், ரொட்டி வெட்டுகிற கத்தி. துணியை நனைத்து நனைத்து ஒற்றினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஸ்டோய்னா பாதி உடம்பு வெளியே தொங்க நின்றாள். "வந்துட்டாங்கப்பா துணை ஜனாதிபதி, சுவரொட்டி கிழிக்க! அடுத்தது எங்க வீட்டுக் கொட்டாயையும் கழுவிட்டுப் போகச் சொல்லு!"

"உன் பால் பொங்குது ஸ்டோய்னா, போய் அடுப்பப் பாரு" என்றேன். என் வீட்டுப் பிள்ளையை நான் திட்டுவேன், ஸ்டோய்னா எதற்கு?

அவள் முகம் சுலபமாக வரவில்லை. வந்தபோது லசாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. கதவில் அவருடைய ஒரு காது மட்டும் மிஞ்சியது. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கையெல்லாம் பசை. அப்போது கேட்டேன்.

"ஆஸ்பத்திரிய மூட நீ கை தூக்கினியா?"

"தூக்கினேன்."

"உங்கம்மா இல்லேங்கறா."

"அம்மாவுக்குத் தெரியும் பெரியம்மா. அன்னைக்கு ராத்திரியே சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னா."

அப்படியா, ரயினா? அடக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு "அவள் இல்லை அக்கா, அவள் இல்லை" என்றாயே. தெரிந்துகொண்டா?

"ஏன் தூக்கினே?" என்று கேட்டேன்.

"எல்லா ஊரும் வரிசையா வந்துச்சு. டாக்டர் இல்ல, பிரசவம் இல்ல, காசு இல்லன்னு. நம்ம ஊரு பேரு வந்தப்ப கை எழும்பல. பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் தூக்கிட்டேன்."

மிச்சமிருந்த வெந்நீரை அவள் மேல் ஊற்ற வேண்டும் போல இருந்தது. செடியில் ஊற்றினேன். "எங்கிட்ட சொல்லி என்ன? ஆம்புலன்சுல போனது நான் மட்டுமா? இந்த ஊருக்குச் சொல்லு" என்றேன். உள்ளே கூப்பிடவில்லை. அவள் ரொட்டியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு, நிறுத்தத்தில் காத்திருந்த தொலைக்காட்சிப் பையனிடம் நானே போனேன். "என் புருஷன் மூஞ்சி மேல நான் எதையும் ஒட்ட மாட்டேன். ஒட்டினது உங்க சோஃபியாப் பிள்ளைங்க. கிழிச்சது அவ. போதுமா?" என்றேன். "அப்ப உங்க ஓட்டு அவங்களுக்குத்தானா பாட்டி?" என்று கேட்டான். "கனவு காணாதே" என்றேன். அதையும் சேர்த்துத்தான் காட்டினார்களாம். காட்டட்டும்.

பெனா


சோஃபியா
அக்டோபர் 20

அக்கா,

நீ பேசியதால் குழு அவளை வைத்துக்கொண்டது. நன்றி சொல்லத்தான் காகிதம் எடுத்தேன், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நீ வரவில்லை. குன்ச்சோவின் மனைவி ரொட்டி கொடுத்தாள். நடுவில் வேகாத ரொட்டி. உன் ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். அவள் மேடை ஏறினதும் பின்னால் ஒருவன் "ஆம்புலன்ஸ்!" என்று கத்தினான், பிறகு சதுக்கமே "ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!" என்று கத்தியது. அவள் எழுதிக்கொண்டுவந்த பேச்சை மடித்தாள். மைக்கில் சொன்னாள்: "உங்க ஆஸ்பத்திரிய மூட நானும் கை தூக்கினேன். என்னைக் கட்டாயப்படுத்தல யாரும்." நீதிபதியின் முகம் வினிகரில் போட்டது மாதிரி ஆனது.

இப்போது எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். கூட நிற்பவர்களே அவளைத் துரோகி என்கிறார்கள். தோற்கப்போகிறார்கள், எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷ உழைப்பு. உன் படலுக்கு வெளியே நின்ற ஒரு மணி நேரத்தில் போனது. நீ அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய்?

என்னோடு பேசுவதில்லை. "ஏம்மா பொய் சொன்ன?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் தாய். பிள்ளையைக் காப்பாற்றுகிறவள் சொல்வது பொய்யாகாது. உனக்கு அது புரியாது.

ஒரு ரொட்டி, அக்கா. அன்றைக்கு நீ ஒரு ரொட்டியோடு நின்றிருந்தால் ஒருவனும் விசில் அடித்திருக்க மாட்டான்.

ரயினா


கோர்னா ரேச்சா
அக்டோபர் 25

ரயினா,

நான் வரவில்லை என்று யார் சொன்னது? ஸ்டோய்னாவின் கடை ஜன்னலுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நீ முதல் வரிசையில் இருந்தாய், உனக்கு முன்பக்கம்தான் தெரிந்திருக்கும். பின்பக்கத்தை நான் சொல்கிறேன்.

அவள் அதைச் சொன்னதும் கத்தல் நின்றது. கைதட்டினார்கள் என்று நினைக்காதே, ஒருவரும் தட்டவில்லை. ஒருத்தி "இப்பச் சொல்லி?" என்றாள். ஸ்டோய்னா என் பக்கத்தில் நின்று துப்பினாள், பிறகு தான் துப்பியதைத் தானே துடைத்தாள், அவள் கடையாயிற்றே. நைதன் மட்டும் வழக்கம் போல எழுந்து போகவில்லை. அவள் பேசி முடிக்கும் வரை நின்றான். நீதிபதி பேச ஆரம்பித்ததும்தான் போனான்.

ரொட்டி, ரொட்டி என்கிறாய். லிபியாவிலும் சோஃபியாவிலும் இருந்து இருந்து உனக்கு மறந்துபோனது. ரொட்டியும் உப்பும் யாருக்குக் கொடுப்பது? விருந்தாளிக்கு. ஆஸ்பத்திரியை மூடின வேட்பாளருக்கு என் கையால் ரொட்டி கிடையாது. மிக்லேனா விருந்தாளி இல்லை. இரண்டு பக்கத்திலும் ரொட்டிக்கு இடமில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் கார்களில் ஏறின பிறகு அவள் என் வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். முன்வாசலில் நிற்காமல் பின்பக்கமாக, கோழிக்கூட்டை ஒட்டி, சின்ன வயதில் வருவாளே அப்படி. அடுப்பில் பருப்பு இருந்தது. தட்டுக்கூடக் கேட்காமல் நின்றுகொண்டே சட்டியிலிருந்து தின்றாள்.

"உப்புக் கம்மி" என்றாள்.

"வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றேன். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. உனக்கு ஓட்டுப் போட மாட்டேன். உங்கூட நிக்கறவனுக்கும் போட மாட்டேன். மன்னிச்சேன்னும் சொல்ல மாட்டேன்."

"கேக்கல பெரியம்மா."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"சரி. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது. போட்டேன்.

கதவில் அந்த ஒற்றைக் காது மட்டும் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் அச்சுக்கடைக்குப் போய் லசாருக்குப் புதுத் தாள் அடித்தேன். பிப்ரவரி வரை காத்திருக்கவில்லை. மனைவி, மகன்கள், பேரப்பிள்ளைகள், பிறகு மிக்லேனா. "எந்த மிக்லேனா? டிவியில வர்றவங்களா?" என்றார் அச்சுக்காரர். "எங்க வீட்டு மிக்லேனா" என்றேன்.

அவள் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னேன்.

"அங்க யாரு பேரு பாட்டி?"

அடக்கத்தன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு "அவள் இல்லை" என்று சொன்னாயே, அதை நீ இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ரயினா. அதனால் அச்சுக்காரரிடம், "அவங்க சொல்லி அனுப்பினா வந்து சொல்றேன்" என்றேன்.

தாள் கதவில் இருக்கிறது. நாலு மூலையிலும் நானே ஆணி அடித்தேன், பசையை நம்புவதில்லை இப்போது. அந்த வரி வெள்ளையாக இருக்கிறது.

பெனா